பசியறியாத் திட்டு

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. அன்றைக்குச் சிவசங்கரிக்குக் கிடைத்தது. கிடைத்து என்ன, மடியில் இருந்த தூக்குவாளி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதிலேயே மலைப்பாதையின் வளைவுகள் அத்தனையும் கழிந்துபோயின. வாளிக்குள் சோறு, பருப்பு, வாழைக்காய் வறுவல், இரண்டு உளுந்து வடை, ஒரு கிண்ணத்தில் பாயசம். புருஷனுக்கு வைக்க வேண்டிய தெவசச் சோறு. பக்கத்து இருக்கைக்காரி வடை வாசனைக்கு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

முதல் வருஷ தெவசம் முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். மாமனார் முனிசாமி மதில்மேல் இலையை வைத்து "கா… கா…" என்று கூப்பிட்டார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பி இறக்கிவிடும் குரல். அந்தக் குரலுக்கு அடுத்த தெருக் காக்கைகள்கூட வந்து வேப்பமரத்தில் உட்கார்ந்தன. சோற்றைப் பார்த்தன. தொடவில்லை. வருஷம் முழுக்க அமாவாசைதோறும் இதே கதைதான். காக்கை எடுக்காவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாட்டுக்கு வைத்துவிட்டு வீட்டார் சாப்பிட உட்கார்ந்துவிடுவது வழக்கம். இந்தத் தடவை கிழவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

"எம் புள்ள பட்டினியா கீறான். நான் மட்டும் தின்னணுமா? அவன் எடுத்துக்கினான்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு."

அவர் சர்க்கரை வியாதிக்காரர். அன்று ராத்திரிக்குள் கை கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. "அவன் போன எடத்துலயே கொண்டுபோய் வெச்சிட்டு வாம்மா. அங்கயாச்சும் வருவான்" என்றார். இன்னொரு நாள் இப்படியே போனால் ஆளே போய்விடுவார் என்று சிவசங்கரிக்குத் தெரிந்தது. புருஷனையும் கொடுத்துவிட்டு, அவர் அப்பாவையும் கொடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் காவியாவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். இருட்டோடு எழுந்து மறுபடி சமைத்தாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

அசோக்குமார் திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்தார். படித்ததெல்லாம் எறும்பு. கல்யாணமான புதிதில் சர்க்கரை டப்பாவை மொய்த்த எறும்புகளை அவள் துடைப்பத்தால் தட்டப்போக, "இரு, இரு, இதுங்க எந்த வூட்டுக்காரங்கன்னு பாக்கலாம்" என்று சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துவிட்ட மனுஷன். ஊரில் அவருக்கு எறும்பு வாத்தியார் என்றே பெயர். எங்கே போனாலும் சதுரமாக வெட்டிய வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை சர்க்கரையை வைத்துவிட்டு, எறும்பு வரும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். எறும்பு வராத மண்ணை அவர் பார்த்ததே இல்லை, ஊத்தேரித் திட்டைப் பார்க்கும்வரை.

ஜவ்வாதுமலை மேல் ஓடைக்கொல்லை என்ற சின்ன ஊருக்குப் பின்னால் இருக்கிறது ஊத்தேரி. நாலாபுறமும் மலைமுகடு, நடுவில் கறுத்த தண்ணீர், தண்ணீருக்கு நடுவில் மரம் அடர்ந்த ஒரு திட்டு. அங்கே எறும்பு இல்லை, கறையான் இல்லை, ஈ இல்லை. பறவை இறங்குவதில்லை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு அதே பேச்சுதான். "அங்க எதுவும் எதையும் திங்கறதில்ல சங்கரி. அதனால எதுவும் மக்கறதும் இல்ல. உலகத்துல வேற எங்கயும் அப்பிடி ஒரு மண்ணு கெடையாது" என்பார். "அப்ப அங்கயே போய் இருங்க, எனக்குச் சமையல் மிச்சம்" என்று அவள் கிண்டல் செய்தாள். அதை நினைத்து அழாத நாள் இந்த ஒரு வருஷத்தில் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் தனியாகப் பரிசலில் திட்டுக்குப் போனார். மதியத்துக்கு மேல் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. கவிழ்ந்த பரிசல் கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. தீயணைப்பு ஆட்கள் ஏரியைத் துழாவிப் பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் ஊற்றுக்கண் இழுத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். முகம் பார்க்கவில்லை, எரிக்கவில்லை, எலும்பு பொறுக்கவில்லை. காவியா இப்போதும் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தெருவைப் பார்த்து நிற்கிறாள்.

ஜமுனாமரத்தூரில் ரங்கசாமி வண்டியோடு காத்திருந்தார். ஓடைக்கொல்லையில் சாமை விதைப்பவர். ஐம்பது வயதிருக்கும். அசோக்குமார் எடுத்துப்போன பரிசல் அவருடையது என்பதால் சிவசங்கரியின் முகத்தை நேராகப் பார்க்க அவருக்கு இன்னும் கூச்சம். தூக்குவாளியைப் பார்த்ததும் அந்தக் கூச்சம் போய் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"இன்னாம்மா அது?"

"சோறுங்கண்ணா. அவருக்கு வெக்க."

"கரையில வையுங்க. அதுக்கு மேல எடுத்தாராதீங்க."

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் இலையை விரித்துச் சோறு வைத்தாள். கூப்பிட்டாள். இரண்டு காக்கைகள் வந்தன. கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. பிறகு எழும்பி, ஏரிக்கு மேலே குறுக்கே போகாமல் கரையோரமாகவே சுற்றிக்கொண்டு போய்விட்டன. சிவசங்கரி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நடுங்கிக்கொண்டு கிடக்கும் கிழவரிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தாள். பொய் சொல்லலாம். ஆனால் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த மனுஷரிடம் அவள் பொய் எடுபடாது.

தண்ணீருக்கு மேல் பகல் பனி இறங்கியிருந்தது. அதற்குள் திட்டு நிழலாகத் தெரிந்தது.

"அண்ணா, ஒரே ஒரு தடவ அந்த எடத்தப் பாத்துட்டு வந்துடறேன். இவ்ளோ தூரம் வந்துட்டேன்."

ரங்கசாமி துண்டை உதறினார், மறுபடி தோளில் போட்டார்.

"வெறுங்கையோட வரணும். வாயில வெத்தல கூட இருக்கக்கூடாது. அங்க எதுவும் தின்னக்கூடாது. முக்கியமா, சாப்பிட வான்னு யாரையும் கூப்பிடக்கூடாது."

"அங்க யார நான் கூப்பிடப்போறேன்?"

"எங்க ஆளுங்க அப்பிடித்தான் சொல்வோம். அங்க கீறதுக்குப் பசின்னா இன்னான்னு தெரியாதும்மா. நாம தெரிய வெச்சுடக்கூடாது."

"இன்னா கீது அங்க?"

"எனக்குத் தெரியாது. எங்க அப்பனுக்கும் தெரியாது."

"அவரு சர்க்கரை வெச்சிருப்பாரே."

"வெச்சாரு. வெச்சா ஒண்ணும் இல்ல. வெச்சிட்டு வான்னு கூப்பிடறதுதான் தப்பு. அவருகிட்டயும் சொல்லித்தான் அனுப்சேன்."

தூக்குவாளியைப் புளியமரத்துக் கிளையில் மாட்டிவிட்டு இருவரும் பரிசலில் ஏறினார்கள்.

பாதி ஏரி வரைக்கும் தவளைச் சத்தம் கூடவே வந்தது. பிறகு குறைந்தது. பிறகு துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும். கரையில் இருந்தவரை காதைச் சுற்றிக்கொண்டிருந்த கொசுக்களும் எங்கோ நின்றுவிட்டன. திட்டு கிட்டே வரவர இன்னொன்றும் நின்றுபோனதைச் சிவசங்கரி உணர்ந்தாள். வாசனை. மழைக்காலத்துக் காட்டுக்கு என்று ஒரு மணம் உண்டல்லவா, ஈர மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த மணம்? அது அங்கே இல்லை. முகத்தில் பட்ட காற்றில் எதுவுமே இல்லை.

பரிசல் தரை தட்டிய இடத்தில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது.

"எங்க ஆடுதான்" என்றார் ரங்கசாமி. "வெள்ளத்துல அடிச்சினு வந்து இங்க ஒதுங்கி செத்துப்போச்சு. எம் பொண்ணு அம்சவல்லி பொறந்த வருஷம். அவளுக்கு இப்ப கல்யாணமாயி கொழந்தை கீது."

ஆடு அப்போதுதான் கண் அயர்ந்ததுபோல இருந்தது. மயிர் கலையவில்லை. பாதி திறந்த கண்ணில் மரக்கிளைகளின் நிழல் தெரிந்தது. சிவசங்கரிக்கு அதைத் தாண்டிப் போகக் கால் கூசியது.

ரங்கசாமி பரிசலை விட்டு இறங்கவில்லை. "பாத்துட்டு சீக்கிரம் வந்துடும்மா. நான் இங்கயே கீறேன்" என்றார்.

உள்ளே தரை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. முழங்கால் ஆழத்துக்கு இலை. எத்தனையோ தலைமுறை உதிர்ந்த இலைகள், மேலே இருப்பவை மஞ்சளாகவும் பழுப்பாகவும், காலை விட்டுக் கிளறினால் அடியில் இருப்பவையும் அதே மஞ்சள், அதே பழுப்பு. ஒன்றுகூட மக்கவில்லை, சருகாகவும் இல்லை. விழுந்து கிடந்த மரங்கள் பட்டை உரியாமல் கிடந்தன. நாவல் மரத்தடியில் பழங்கள் கொட்டிக் கிடந்தன, ஒரு கொத்தல் இல்லை, ஒரு கடி இல்லை. பக்கத்தில் முளைத்த கன்று ஒன்றுகூட இல்லை. சிலந்தி வலை இல்லை, காளான் இல்லை. அவள் நடக்கும் சத்தத்தை வாங்கிக்கொள்ளக்கூட அங்கே ஆளில்லை.

மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் கற்பலகை வீடுகள் வட்டமாக நின்றன. மலையில் அங்கங்கே இருக்கும் பழையகாலத்துக் கல்வீடுகள்தான். மூன்று பக்கம் பலகைக் கல், மேலே மூடுகல், முன்புறக் கல்லில் தலை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. அந்தத் துளைகள் எல்லாம் நடுவெளியைப் பார்த்திருந்தன.

நடுவெளியில் வெள்ளைத் தாள்கள்.

சதுரமாக வெட்டியவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிட்டிகை சர்க்கரை. ஒரு வருஷத்து மழைக்கும் வெயிலுக்கும் பிறகு வைத்தது வைத்தபடி இருந்தன. சிவசங்கரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி வைத்த சர்க்கரை. அவர் முகத்தைவிட அந்த விரல்கள்தான் அவளுக்கு முதலில் நினைவுக்கு வரும்.

தாள்களுக்குப் பக்கத்தில், ஒரு கல்மேல், அவர் டிபன் பாக்ஸ் இருந்தது.

எவர்சில்வர் டப்பா. மூடியில் கல்யாணத்துக்குக் கொடுத்த அவள் அத்தை பெயர் பொறித்திருக்கும். திறந்தாள். எலுமிச்சம்பழச் சோறு. அன்று விடியற்காலையில் அவள் கிண்டி வைத்த அதே சோறு. மஞ்சள் மங்கவில்லை, வேர்க்கடலை நமத்துப்போகவில்லை, கறிவேப்பிலை கருக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் பெருங்காயம் மணத்தது. எறும்பு வருமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, மழை வந்ததும் சாப்பாட்டை மறந்து எழுந்து ஓடியிருக்கிறார்.

அன்றைக்கு மனுஷன் சாப்பிடவே இல்லை.

ஒரு வருஷமாக அழுதது எல்லாம் அழுகையே இல்லை. இப்போதுதான் அவள் அழுதாள். பசியோடு போய்விட்டாரே, பசியோடு தண்ணீருக்குள் போய்விட்டாரே என்று அந்தக் கல்லில் தலையை முட்டி முட்டி அழுதாள். காக்கை ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்ததுபோல இருந்தது. அவர் சாப்பாடு இங்கே காத்துக்கொண்டிருக்கும்போது வேறு சோற்றை அவர் எப்படித் தொடுவார்? ரங்கசாமி சொன்னது மனதில் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. புருஷனுக்குச் சோறு போட எந்த ஊரான் தடை சொல்ல முடியும்?

ஒரு பிடி அள்ளிக் கல்மேல் வைத்தாள். டப்பாவையும் திறந்தபடியே பக்கத்தில் வைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"வாங்க… சாப்பிட வாங்க."

கிளை அசையவில்லை.

தெவசச் சோறு வைத்தால் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. அவள் திரும்பி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் ஒரு மணம் வந்தது. ஈர மண்ணின் மணம். அந்தத் திட்டில் அதுவரை இல்லாத மணம்.

பிறகு சத்தம்.

அவளுக்குப் பின்னால் இருந்த கல்வீட்டுத் துளையில் இருந்து. ஈரமான சத்தம். மெல்லும் சத்தம். ஆனால் மனுஷர் மெல்லுவதுபோலவும் இல்லை, மாடு அசைபோடுவதுபோலவும் இல்லை. நின்றது. யோசித்தது. மறுபடி ஒரு தடவை மென்றது. வாய் என்ற ஒன்றை எப்படி மூடித் திறப்பது என்று அப்போதுதான் கற்றுக்கொள்ளும் ஒன்று மெல்லும் சத்தம்.

"நீங்களா?" என்று அவள் குசுகுசுத்தாள்.

சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். கல்மேல் சோறு இல்லை. டப்பாவில் ஒரு பருக்கை இல்லை, எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. வெள்ளைத் தாள்களில் சர்க்கரை இல்லை. சர்க்கரை இருந்த இடத்தில் தாளும் இல்லை, வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது.

பயம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சந்தோஷம் வந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எடுத்துக்கொண்டார். பசி தீர்ந்தது. டப்பாவை முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். போகும்போது கேட்காத சத்தம் ஒன்று இப்போது காலடியில் கேட்டது. இலைகள் நொறுங்கின.

ரங்கசாமி பரிசலுக்குள் எழுந்து நின்றிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டின் வயிறு உள்ளே போயிருந்தது. கண் இருந்த இடத்தில் குழி.

"கூப்ட்டீங்களாம்மா?"

அவள் பரிசலில் ஏறப்போனாள்.

"சொல்லுங்க. கூப்ட்டீங்களா?"

"அவரு சாப்பாடு அண்ணா அது. அவரு எடுத்துக்கினாரு."

ரங்கசாமியின் முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். அவர் துடுப்பை எடுத்தார். நடு ஏரி வந்ததும், "அந்த டப்பாவத் தண்ணியில வுட்டுடுங்க" என்றார். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புருஷன் தொட்ட கடைசிப் பொருள் அது, அதையும் இந்த ஏரிக்கே கொடுப்பதா? ரங்கசாமி மறுபடி கேட்கவில்லை. பின்னால் திட்டில் இருந்து மரம் ஒன்று முறியும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நின்றபடியே மக்கிப்போகும் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

கரையில் புளியமரத்தடி இலைச் சோறு அப்படியே இருந்தது. ரங்கசாமி அதைக் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். பஸ் ஏறும் இடத்தில் அவளை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே சொன்னார்.

"நாங்க கெளம்பறோம்மா. செங்கத்துல எம் மச்சான் வூடு கீது. அதுக்குப் பசி தெரிஞ்சுபோச்சு. அது அங்க வர எவ்ளோ நாளாவும்னு தெரியல, ஆனா போறோம்."

அவள் மாமனாருக்குப் போன் செய்தாள். "மாமா, எடுத்துக்கினாரு. நான் கண்ணால பாத்தேன். ஒரு பருக்கை வுடல" என்றாள். மறுமுனையில் கிழவர் விம்மும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்பத்தாம்மா எனக்குப் பசியே தெரியுது" என்றார். பானையில் சோறு இருக்கிறது, போட்டுச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் மறக்காதீர்கள் என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சில் கொஞ்சம் காற்று போனதுபோல இருந்தது.

பேருந்து மலையிறங்கும்போது, டப்பாவை வைத்திருந்த கைப்பைக்குள் இருந்து டக், டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. வளைவுக்கு வளைவு ஸ்பூன் டப்பாவில் இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பேருந்து அடிவாரத்தில் நேர்ச்சாலைக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளுத்திருந்த முகத்தில் தெளிவு வந்திருந்தது. காவியா அவர் காலடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவ போட்டுச் சாப்ட்டேன்" என்று கிழவர் வெட்கத்தோடு சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

சாவுக்கடன் செய்துவிட்டு வந்தால் குளிக்காமல் உள்ளே போகக்கூடாது. பையை மாமனார் அறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் குளிக்கப் போனாள். போகிற வழியில் வேப்பமரத்தடியில், காலையில் அவள் அவசரத்தில் சிந்திவிட்டுப் போன பாயசம் தரையில் அப்படியே இருந்தது. வெல்லப் பாயசம். எறும்பு வாத்தியார் வீட்டில் வெல்லம் சிந்தினால் கண் மூடித் திறப்பதற்குள் வரிசை கட்டிவிடும். இன்றைக்கு அதன்மேல் ஓர் எறும்புகூட இல்லை. மரத்தில் அடைய வரும் காக்கைகளின் சத்தமும் இல்லை. அவள் தலையில் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

ஸ்பூன் என்று நினைத்தோமே, என்று தோன்றியது. எலுமிச்சம்பழச் சோற்றுக்கு அவர் என்றைக்கு ஸ்பூன் கேட்டார்?

இரண்டாவது சொம்பு.

அசோக்குமார் கறிவேப்பிலை தின்னமாட்டார். காய்ந்த மிளகாயும் தின்னமாட்டார். கல்யாணமான நாளில் இருந்து அவர் டப்பா ஒரு நாள்கூடக் காலியாகத் திரும்பி வந்ததில்லை. ஓரமாக ஒதுக்கிய கறிவேப்பிலையும் மிளகாயும் டப்பாவின் மூலையில் ஒட்டிக்கொண்டு வரும். அதற்காக எத்தனை சண்டை.

அந்த டப்பாவில் ஒரு கறிவேப்பிலைகூட இல்லை.

சொம்பு கையில் இருந்து விழுந்தது.

ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வாசலில் நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் திட்டில் பை மட்டும் கிடந்தது, டப்பா இல்லை. காவியா இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள், அவள் கண்ணில் குழப்பம்.

"தாத்தா எங்க?"

"உள்ள. நீதான கூப்ட்ட."

"நானா?"

"வாங்க, சாப்பிட வாங்கன்னு தாத்தா ரூம்ல இருந்து கூப்ட்டியே. எனக்கு ஹோம்வொர்க் முடியலன்னு சொன்னேன். தாத்தா மறுபடியும் பசிக்குதுன்னு எழுந்து போனாரு." குழந்தை கொல்லைப்பக்கம் ஒரு முறை பார்த்தாள், அறைப்பக்கம் ஒரு முறை பார்த்தாள். "நீ எப்பம்மா வெளிய வந்த?"

மாமனாரின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. இடுக்கு வழியாக ஈர மண்ணின் மணம் வந்தது.

"மாமா" என்றாள் சிவசங்கரி.

மெல்லும் சத்தம்.

நிற்கவில்லை. யோசிக்கவில்லை. நிதானமாக, ஒரே சீராக, எலும்பு நொறுங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக மென்றது. இந்த ஒரு நாளில் அதற்கு மெல்ல நன்றாக வந்துவிட்டது.

அவள் காவியாவின் கையைப் பிடித்தாள். ஓட வேண்டும். எங்கே என்று தெரியவில்லை. ரங்கசாமிக்கும் தெரிந்திருக்கவில்லை.

சத்தம் நின்றது. டிபன் பாக்ஸின் மூடியில் டக், டக் என்று தட்டுவது கேட்டது.

பிறகு இருட்டுக்குள் இருந்து சிவசங்கரியின் குரல், சிவசங்கரி கூப்பிடுவது போலவே, பாசமாக, அழுது முடித்த மூக்கடைப்போடு கூப்பிட்டது.

"வாங்க… சாப்பிட வாங்க."

அம்மா இரண்டாம் முறை கூப்பிட்டால் மறுபேச்சுப் பேசாத பிள்ளை காவியா. பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டு எழுந்துகொண்டாள்.